ஐஎம்இஐ எண்ணை மாற்றினால் தப்பிவிடலாமா?

2025 அக்டோபர் 4, காலை (கேள்வி)

லேப்டாப்பில் மேக் முகவரியை (வைஃபை வன்பொருளின் அடையாள எண்) ஒரு வரிக் கட்டளையில் மாற்றிவிடுகிறோம். போனில் மட்டும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போன் கருவிக்கும் உரிய அடையாள எண்) தொடவே விடமாட்டேன் என்கிறார்கள். அது ஒன்று நம் கைக்கு வந்துவிட்டால் கண்காணிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்பது என் கட்சி. காசு கொடுத்து வாங்கிய கருவி, அதன் எண் மட்டும் எனக்குச் சொந்தமில்லையா? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அக்டோபர் 4, இரவு

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். கருவி உங்களுடையதுதான். "அது ஒன்று" என்றீர்களே, அங்கேதான் தவறு.

*#06# அழுத்துங்கள். 15 இலக்கம் வரும். முதல் 8 இலக்கம் டாக்: எந்த நிறுவனம், எந்த மாடல் என்று சொல்லும், மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ-வின் ஏற்பாட்டில் ஒதுக்கப்படுவது. அடுத்த 6 வரிசை எண். கடைசி ஒன்று, முந்தைய 14 இலக்கத்தை லூன் முறையில் கணக்கிட்டால் கிடைக்கும் சரிபார்ப்பு இலக்கம். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடைசி இலக்கம் டவருக்குப் போவதே இல்லை. அதன் இடத்தில் சுழியம்தான் போகும். எண்ணைக் கையால் எழுதும்போது நேரும் பிழையைப் பிடிக்க மட்டுமே அது.

இது கருவியின் எண். சிம்முக்குள் ஐஎம்எஸ்ஐ என்று வேறொன்று இருக்கிறது, அதுவும் 15 இலக்கம் வரை: முதல் 3 நாடு, அடுத்த 2 அல்லது 3 நிறுவனம், மீதி சந்தாதாரர். நெட்வொர்க் உங்களை அடையாளம் காண்பது, பில் போடுவது, அழைப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் இதை வைத்துத்தான். ஐஎம்இஐ அதன் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவைக்கும் குறிப்பு. நேற்றுவரை ஓர் எண், இன்று வேறு எண் என்றால் பதிவேட்டில் தெரிவது "இவர் போனை மாற்றிவிட்டார்" என்பதுதான். சட்டையை மாற்றிக்கொண்டு அதே அடையாள அட்டையை நீட்டுகிற கதை.

இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டால் இன்னும் மோசம். போன் டவரோடு சேரும்போது தன் மோடத்தின் (டவரோடு பேசும் சில்லு) திறன்களையும் ஒப்பிக்கிறது: எந்தெந்த அலைவரிசை, எத்தனை அலைத்தடங்களை ஒன்றாகப் பிடிக்கும், இன்னபிற. டாக் பழைய பட்டன் போன் என்கிறது, திறன் பட்டியல் புது மாடல் என்கிறது. கூட்டத்தில் ஒளியப் போய் மேடையில் ஏறி நின்றாயிற்று.

சட்டமும் உண்டு. பிரிட்டனில் 2002-இல் இருந்தே இதற்கென்று தனிச் சட்டம். இந்தியாவில் 2017 விதிகள், பிறகு 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 3 ஆண்டு வரை சிறை. ஆகவே மாற்றும் வழிமுறையை இங்கே கேட்க வேண்டாம். பலனில்லாத வேலைக்கு ஜெயில் வேறா?

அக்டோபர் 5, காலை (கேட்டவர்)

சரி. சிம், போன் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால்?

அக்டோபர் 5, மதியம்

இப்போதுதான் சரியான கேள்விக்கு வந்தீர்கள். இந்த எண்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் பக்கத்தில் நிற்பது காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் மாற்றினாலும் இரண்டு கைகள் மிச்சம்: நீங்கள் இருக்கும் இடம், நீங்கள் பேசும் ஆட்கள். இரவில் அதே டவர், பகலில் அதே டவர், அடிக்கடி பேசும் நாலைந்து எண்களும் அதே. புதிய சிம் யாருடையது என்று ஊகிக்க மேதை தேவையில்லை.

2013-இல் இதை அளந்திருக்கிறார்கள். 15 லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவுகள். மணி அளவுக்கு நேரமும் டவர் அளவுக்கு இடமும் தெரிந்தால், நான்கே புள்ளிகளில் 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. எண் எதுவும் தேவைப்படவில்லை.

இரட்டை சிம் போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இரண்டு பொந்துக்கும் தனித்தனி ஐஎம்இஐ உண்டு, ஆனால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள், டாக் ஒன்றே. ஒரு சிம் அலுவலுக்கு, ஒரு சிம் ரகசியத்துக்கு என்று ஒரே போனில் போடுகிறவர்கள் இரண்டையும் தாங்களே முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அக்டோபர் 5, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் போன் ஓயாமல் ஐஎம்எஸ்ஐ-யைக் கூவிக்கொண்டிருப்பதுபோல் தொனிக்கிறது. அப்படி இல்லை, திருத்திக்கொள்கிறேன். முதல் முறை சேரும்போது அனுப்பும். பிறகு நெட்வொர்க் ஒரு தற்காலிக எண் தரும், அதை வைத்தே பேச்சு நடக்கும். தற்காலிக எண்ணை நெட்வொர்க் மறந்துவிட்டால் "உண்மையான எண் என்ன?" என்று திரும்பக் கேட்கும், போன் சொல்லும். போலி டவர்கள் (உண்மை டவர்போல் நடித்துப் போன்களின் எண்களைப் பிடிக்கும் கருவிகள்) பிழைப்பு நடத்துவது இந்த ஒரு கேள்வியால்தான்.

தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் உண்டு. 2ஜி-யில் போன் தன்னை டவரிடம் நிரூபிக்கும், டவர் போனிடம் எதையும் நிரூபிக்காது. ஐஎம்எஸ்ஐ, ஐஎம்இஐ இரண்டையும் கேட்ட மாத்திரத்தில் கொட்டிவிடும். "மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பேச்சைக் குறியாக்குவது) வேண்டாம்" என்று டவர் சொன்னால் அதற்கும் தலையாட்டும். 4ஜி-யில் இருவரும் ஒருவரையொருவர் சரிபார்க்க வேண்டும், ஆனால் சரிபார்ப்புக்கு முன்னாலேயே ஐஎம்எஸ்ஐ கேட்கலாம் என்று ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்கள். ஐஎம்இஐ-க்கு அந்தச் சலுகை இல்லை. பாதுகாப்பு ஏற்பட்ட பிறகே போன் அதைச் சொல்ல வேண்டும் (அவசர அழைப்பு விலக்கு). அதாவது 4ஜி போலி டவரிடம் முதலில் மாட்டுவது சிம்தான், கருவி இல்லை. நீங்கள் பூட்டப் பார்த்தது திருடன் வராத வாசலை.

5ஜி-யில் ஓட்டையை அடைத்தார்கள். சந்தாதாரர் எண்ணை உங்கள் நிறுவனத்தின் பொதுச்சாவியால் (பூட்ட மட்டும் உதவும், திறப்பது நிறுவனத்தால்தான் முடியும்) போன் மறையாக்கி அனுப்பும். நாடு, நிறுவனம் ஆகிய பகுதிகள் மட்டும் வெளிப்படையாகப் போகும். ஆனால் மூன்று "ஆனால்". அந்தச் சாவி சிம்மில் இருக்க வேண்டும், பழைய சிம்மில் இராது. நிறுவனம் மறையாக்காத முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாம் வெறும் சடங்கு. மூன்றாவது, திரையில் 5ஜி என்று எழுதியிருந்தாலும் பின்னால் 4ஜி மையம் வேலை செய்யும் கலவை அமைப்பாக இருந்தால் இந்தப் பாதுகாப்பே கிடையாது. தனித்து இயங்கும் 5ஜி-யில் மட்டுமே உண்டு. திரையின் மூலையில் தெரியும் எழுத்து எது என்று சொல்லாது.

அக்டோபர் 7

2ஜி-யை அணைப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு: அமைப்புகள், நெட்வொர்க் & இணையம், சிம்கள், அங்கே கீழே "2ஜி-ஐ அனுமதி" இருக்கும்; அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 காலத்தில் பிக்சல் 6-இல் வந்தது. மோடம் ஒத்துழைத்தால்தான் இந்தப் பொத்தான் தென்படும். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 16-இல் "மேம்பட்ட பாதுகாப்பு" போட்டாலும் 2ஜி அணைந்துவிடும். நெட்வொர்க் உங்கள் நிரந்தர எண்ணைக் கேட்டாலோ மறையாக்கம் இல்லாத இணைப்புக்கு இழுத்தாலோ எச்சரிக்கும் பக்கமும் அதே பதிப்பில் வந்தது. புதிய மோடம் உள்ள போன்களில்தான் வேலை செய்யும்.

"விருப்பமான நெட்வொர்க் வகை" என்ற பட்டியலில் 4ஜி-யைத் தொட்டுவிட்டு 2ஜி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். "4ஜி/3ஜி/2ஜி தானியங்கி" என்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. விருப்பம் வேறு, தடை வேறு.

ஐபோனில் தனிப் பொத்தான் இல்லை. ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் முறையைப் போட்டால் 2ஜி அணையும். கூடவே செய்திகளில் பெரும்பாலான இணைப்புக் கோப்பு வகைகளும் லிங்க் முன்னோட்டமும் போய்விடும், சில இணையதளங்கள் தடுமாறும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்பார்கள் சிலர். ஆபத்தில் இருக்கும் பத்திரிகையாளருக்கு அது எலி இல்லை.

2ஜி-யை அணைத்தபின் வரும் சிக்கல்: வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) வேலை செய்யாத சிம்மாக இருந்தால் டேட்டா ஓடும், அழைப்பு வராது. முதலில் 4ஜி குறியைப் பார்த்துக்கொண்டே ஓர் அழைப்பு போடுங்கள். பேசும்போது குறி 3ஜி அல்லது 2ஜி-க்கு இறங்கினால் வோல்டிஇ இல்லை என்று அர்த்தம். ஆண்ட்ராய்டில் அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜி திறந்தே இருக்கும், அது நல்லதுதான்.

அக்டோபர் 8

"சிம் போடாத போனும் டவரிடம் ஐஎம்இஐ சொல்லிக்கொண்டே இருக்கும்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இல்லை. சிம் இல்லாத போன் டவரின் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும், பதிவு செய்துகொள்ளாது. அவசர எண்ணை அழைத்தால் அப்போது ஐஎம்இஐ போகும். அதே போன் வைஃபையில் எதையெதையோ சொல்லிக்கொண்டிருக்கும் என்பது தனிக்கதை, நாளை மறுநாள் எழுதுகிறேன்.

அக்டோபர் 8, கொஞ்ச நேரம் கழித்து

அணைப்பதிலும் வகை உண்டு. முறையாக அணைத்தால் போன் "நான் போகிறேன்" என்று நெட்வொர்க்கிடம் சொல்லிவிட்டுப் போகும். பேட்டரியைப் பிடுங்கினாலோ சிக்னல் புகாத பைக்குள் போட்டாலோ சொல்லாமல் போகும். 4ஜி-யில் போன் அவ்வப்போது தலைகாட்டும் இடைவெளி இயல்பாக 54 நிமிடம்; அது கடந்து இன்னும் சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் நெட்வொர்க் "ஆள் எட்டவில்லை" என்று முடிவுகட்டும். இரண்டும் பதிவேட்டில் வெவ்வேறு விதமாகத் தெரியும். தினமும் இயங்கும் போன் ஒரு நாள் மட்டும் ஓர் ஊருக்கு முன்னால் மறைந்து மறுநாள் முளைத்தால், மறைந்ததே சாட்சி.

இன்னொன்று: ஐபோன் 11-க்குப் பிறகு வந்த பல மாடல்களில், ஐஓஎஸ் 15 முதல், அணைத்த பின்னும் ப்ளூடூத் மெல்ல மூச்சுவிடும், தொலைந்தால் தேடுவதற்காக. அணைக்கும் திரையிலேயே "அணைத்த பிறகும் கண்டறியலாம்" என்று ஒரு வரி இருக்கும்; அதைத் தொட்டு நிறுத்தலாம்.

அக்டோபர் 11

வைஃபை. நாள் தாமதம்.

மேக் முகவரி 48 பிட், பன்னிரண்டு பதினறும எழுத்துகள். அசல் முகவரியின் முதல் பாதி பொதுவாகத் தயாரிப்பாளரைச் சொல்லும். முன்பு போன் நடந்துபோகும் வழியெல்லாம் அசல் முகவரியோடு "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவும், வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு யார் எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணலாம். 2014-இல் ஐஓஎஸ் 8 தேடும்போது மட்டும் பொய் முகவரி போட ஆரம்பித்தது. இணைந்த பின்னும் பொய் முகவரி என்பது ஆண்ட்ராய்டு 10-இலும் (2019) ஐஓஎஸ் 14-இலும் (2020) இயல்பாக வந்தது.

இங்கே பலர் நினைப்பதற்கும் நடப்பதற்கும் இடைவெளி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்தப் பொய் முகவரி ஒவ்வொரு வைஃபைக்கும் ஒன்று, ஆனால் நிலையானது. "மறந்துவிடு" போட்டு மறுபடி இணைந்தாலும் அதே முகவரிதான் வரும். கடை ஏ-யும் கடை பி-யும் உங்களை ஒன்று சேர்க்க முடியாது. கடை ஏ உங்களை வருடம் முழுக்க அடையாளம் காணும். இரண்டு கடையும் ஒரே பெயரில் வைஃபை நடத்தினால்? ஒரே முகவரி. ஐஓஎஸ் 18-இல் நெட்வொர்க்கின் பக்கத்திலுள்ள "ஐ" குறியைத் தொட்டால் அணை, நிலையானது, சுழல்வது என மூன்று தேர்வு வரும். சுழல்வது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க்கின் விவரப் பக்கத்தில் "தனியுரிமை" என்ற தலைப்பின் கீழ் பொய் முகவரி தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் "மேக் முகவரி வகை" என்று எழுதியிருப்பார்கள், அதில் "போனின் மேக்" தேர்வாகி இருந்தால் மாற்றுங்கள்.

எங்கே உதைக்கும்? ரூட்டரில் மேக் பட்டியல் வைத்து அனுமதிப்பவர்களுக்கு, ஒரு கருவிக்கு நிலையான ஐபி ஒதுக்கியவர்களுக்கு, குழந்தைகளின் போனுக்கு நேரக்கட்டுப்பாடு போட்டவர்களுக்கு. சுழலும் முகவரி வந்ததும் எல்லாம் குலையும். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் "நிலையானது" வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரிடமிருந்து ஒளியப் போகிறீர்கள்?

இப்போது சங்கதிக்கு வருகிறேன். முழுப் பூசணிக்காய் எங்கே இருக்கிறது தெரியுமா, போனின் பெயரில். முகவரி பொய்யாக இருக்கும், ஆனால் ஐபி கேட்கும்போதும் உள்ளூர் சேவைகளைத் தேடும்போதும் பல போன்கள் தங்கள் பெயரை அனுப்புகின்றன. உங்கள் பெயரோடு "-இன் ஐபோன்" என்று வைத்திருந்தால், ஒவ்வொரு ரூட்டரின் பட்டியலிலும் மேக் கட்டத்துக்குப் பக்கத்தில் அதுதான் உட்கார்ந்திருக்கும். அமைப்புகள், பொது, அறிமுகம், பெயர். "போன்" என்று மாற்றிவிடுங்கள். பத்து விநாடி வேலை, மேலே எழுதிய அத்தனையையும்விடப் பலன் அதிகம்.

மறைத்துவைத்த வைஃபையும் அப்படியே. ரூட்டர் தன் பெயரை ஒலிபரப்பாமல் இருந்தால், போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும். மறைத்தது ரூட்டரை, காட்டியது உங்களை. மறைப்பை எடுத்துவிடுங்கள்.

அக்டோபர் 12

ஒரு முகவரி அசலா பொய்யா என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு: இடமிருந்து இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது உள்ளூரில் உருவாக்கியது, பொய். வேறாக இருந்தால் தயாரிப்பாளர் எழுதியது. ரூட்டரின் பட்டியலைத் திறந்து உங்கள் போனைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐஓஎஸ் 14-இல் வந்த பொய் முகவரி வசதி, உள்ளூர் சேவைத் தேடலுக்கான 5353 போர்ட்டில் அனுப்பிய பொட்டலங்களுக்குள் அசல் முகவரியையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. உறையின் மேல் பொய்ப் பெயர், உள்ளே கடிதத்தில் உண்மைக் கையொப்பம். 2023 அக்டோபரில் ஐஓஎஸ் 17.1 வந்துதான் சரியானது. மூன்று வருடம்.

அக்டோபர் 14

ப்ளூடூத் பற்றிச் சுருக்கமாக. குறைந்த ஆற்றல் வகையில் முகவரி வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். இணைத்த கருவி மட்டும் சாவியை வைத்து அடையாளம் காணும். பழைய வகையில் மாறாது. போனைவிடக் காதுக்கருவியும் கைப்பட்டையும்தான் தலைவலி: மலிவானவற்றில் பல, முகவரியை மாற்றுவதே இல்லை. போன் முகமூடி போட்டிருக்கும், மணிக்கட்டு தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும்.

ஐபோனின் மேல்திரைப் பொத்தானில் வைஃபை, ப்ளூடூத் அணைத்தால் அணையாது; இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும், மறுநாள் காலை 5 மணிக்குத் தானே விழிக்கும். அமைப்புகளுக்குள் போய் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இருப்பிடம், இருப்பிடச் சேவைகள், அங்கே "வைஃபை ஸ்கேனிங்", "ப்ளூடூத் ஸ்கேனிங்" என இரண்டு உண்டு. இவை திறந்திருந்தால் வைஃபையை அணைத்தாலும் தேடல் நிற்காது.

அக்டோபர் 18

இவ்வளவு நாள் டவரையும் ரூட்டரையும் பற்றியே பேசிவிட்டேன். வரிசை தலைகீழ் என்று இப்போது தோன்றுகிறது. போலி டவரை வாழ்நாளில் சந்திக்காதவர்களே அதிகம். செயலிகளை நாம் எல்லோரும் தினமும் சந்திக்கிறோம்.

செயலிகள் பிடிக்கும் எண் விளம்பர எண். 36 எழுத்துள்ள கலப்பு எண், போன் முழுவதற்கும் ஒன்றே. கைவிளக்குச் செயலியும் விளையாட்டும் வானிலையும் அதே எண்ணை அனுப்புவதால், மூன்று இடத்தில் சேரும் தகவலை விற்பவர் ஒரே ஆள் என்று கோத்துவிடுகிறார். அழிக்கும் வழி: ஆண்ட்ராய்டில் அமைப்புகள், கூகுள், விளம்பரங்கள், "விளம்பர ஐடியை நீக்கு". "மீட்டமை" வேறு, "நீக்கு" வேறு; முன்னது புது எண் தரும், பின்னது சுழியங்களாக்கும். ஐபோனில் தனியுரிமை & பாதுகாப்பு, கண்காணிப்பு, "செயலிகள் கேட்க அனுமதி" என்பதை அணைக்கவும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததில் இருந்து ஒவ்வொரு செயலியும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மொத்தமாக அணைத்தால் கேட்கவும் முடியாது.

உங்கள் முதல் கவலைக்கு இங்கே ஒரு நற்செய்தி: ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரணச் செயலிகளால் ஐஎம்இஐ, வரிசை எண் இரண்டையும் படிக்கவே முடியாது. ஆண்ட்ராய்டு ஐடி என்ற 64 பிட் எண்ணும் ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலித் தயாரிப்பாளருக்கும் வேறு வேறு. கெட்ட செய்தி, இந்தத் தடை இயங்குதளத்தை எழுதியவர்களுக்கு இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 2021-இல் அளந்தார்கள்: சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தாய் நிறுவனத்தோடு பேசின, அனுப்பியவற்றில் ஐஎம்இஐ, சிம் எண், வரிசை எண் எல்லாம் இருந்தன.

அக்டோபர் 19

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. விளம்பர எண்ணை அழித்தால் போதும் என்று படிக்க வேண்டாம். இரண்டு செயலியில் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருந்தால் அந்த மின்னஞ்சலே (அல்லது அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்னும் குறி) விளம்பர எண்ணின் வேலையைச் செய்யும். திரும்பவும் அதே பாடம்: கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொருவன். செயலிக்குச் செயலி வேறு மாற்று மின்னஞ்சல் வைத்துக்கொண்டால் அந்தக் கை விடுபடும்.

அழித்த நாளுக்கு முந்தைய தகவல் வெளியே போனது போனதுதான். இருப்பிடத் தகவல் வியாபாரம் கற்பனை இல்லை: எக்ஸ்-மோட் என்ற நிறுவனமும் அதன் வாரிசும் மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களின் இருப்பிடத் தகவலை விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி 2024 ஜனவரியில் தடை போட்டது. எனவே எண்ணைவிட முக்கியம் இருப்பிட அனுமதி. "எப்போதும்" என்பதை "பயன்படுத்தும்போது மட்டும்" ஆக்குங்கள், "துல்லியமான இடம்" என்பதை வரைபடத்துக்கும் வாடகை வண்டிக்கும் மட்டும் விடுங்கள்.

அக்டோபர் 23 (வேறொரு வாசகர்)

அலுமினியத் தாளில் சுற்றினால் போதுமா? அப்புறம், கிளாஸ் 0 குறுஞ்செய்தி அனுப்பி இடத்தைக் கண்டுபிடிப்பார்களாமே?

அக்டோபர் 23, இரவு

கிளாஸ் 0 என்பது திரையில் பளிச்சென்று தானே திறக்கும் செய்தி. நீங்கள் சொல்ல வந்தது டைப் 0. பெயர் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். டைப் 0 செய்தியைப் போன் பெற்றுக்கொண்டு "வந்தது" என்று பதில் சொல்லும், ஆனால் காட்டாது, சேமிக்காது. அந்தப் பதிலுக்காகப் போன் டவரோடு பேசுவதால் எந்த டவர் என்பது அப்போதைக்குப் புதுப்பிக்கப்படும். தூரமும் ஓரளவு தெரியும்: போன் எவ்வளவு முன்கூட்டி அனுப்ப வேண்டும் என்று டவர் சொல்லும் திருத்தத்தில் ஒரு படி 2ஜி-யில் சுமார் 550 மீட்டர், 4ஜி-யில் சுமார் 78 மீட்டர். அதாவது 4ஜி உங்களை இன்னும் நெருக்கமாக அளக்கிறது. 2ஜி-யை அணைக்கச் சொன்னதும் நான்தான், இரண்டும் உண்மை.

தாள் விஷயம்: தாளின் தடிமன் இல்லை, மடிப்பில் இருக்கும் இடுக்குதான் பிரச்சினை. கடையில் விற்கும் பையும் மடிப்பு தேய்ந்தால் ஒழுகும். சோதிக்கும் முறை: உள்ளே போட்டு மூடி, இரண்டு நிமிடம் காத்திருந்து, வேறு போனில் இருந்து அழைக்கவும். மணி அடித்தால் பை குப்பை. அடிக்காவிட்டாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டவர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஒருமுறை, ரூட்டருக்கு அருகில் வைஃபைக்கு ஒருமுறை, காதுக்கருவியில் பாட்டு ஓடவிட்டு ப்ளூடூத்துக்கு ஒருமுறை. அலைவரிசைக்கு அலைவரிசை ஒழுகல் மாறும். உள்ளே இருக்கும் போன் டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைக் காலிசெய்யும், ஆகவே விமான முறையில் போட்டுவிட்டு உள்ளே வையுங்கள்.

அக்டோபர் 26

விமான முறை என்றதும் ஞாபகம் வந்தது. ஐஎம்எஸ்ஐ வைஃபை வழியாகவும் கசியும். சிம் நிறுவனம் நடத்தும் "தானாக இணையும்" பொது வைஃபைகள் சிலவற்றில் கடவுச்சொல்லுக்குப் பதில் சிம்மே சான்று. அந்தக் கைகுலுக்கலின் தொடக்கத்தில் ஐஎம்எஸ்ஐ திறந்த உறையில் போகலாம். அதே பெயரில் யாராவது ஒரு வைஃபையை எழுப்பினால் போன் தானே போய்ச் சொல்லிவிடும். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைஃபை அழைப்பிலும் ஏறக்குறைய இதே குறை: எண் மறையாக்கப்பட்டுத்தான் போகிறது, ஆனால் எதிரே இருப்பவர் யார் என்று சரிபார்க்கும் முன்பே போகிறது. பொது இடத்தில் சிம் நிறுவனத்தின் தானியங்கி வைஃபையை "தானாக இணை" பட்டியலில் இருந்து நீக்கிவிடுங்கள்.

நவம்பர் 2

"அப்படியானால் எந்தப் போன்தான் வாங்குவது?" இதற்கு ஒரே பதில் இல்லை.

கிராஃபீன்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம், பிக்சலில் மட்டும்): ஒவ்வொரு இணைப்புக்கும் புது மேக், எல்டிஇ (4ஜி) மட்டும் என்ற முறை, செயலிக்கு இணையத்தையே மறுக்கும் அனுமதி, உணரிகளை மறுக்கும் அனுமதி, 18 மணி நேரம் திறக்காவிட்டால் தானே மறுதொடக்கம். கடைசியது முக்கியம்: மறுதொடக்கத்துக்குப் பின் முதல் முறை திறக்கும்வரை தரவின் சாவி நினைவகத்தில் இருக்காது. ஐஓஎஸ் 18.1-இலும் இது வந்துவிட்டது, 72 மணி நேரம்.

லிப்ரெம் 5 என்ற லினக்ஸ் போனில் பக்கவாட்டில் மூன்று சுவிட்ச்: வைஃபை/ப்ளூடூத், மோடம், மைக்/கேமரா. மூன்றையும் அணைத்தால் ஜிபிஎஸ்ஸும் மற்ற உணரிகளும் சேர்ந்து அணையும். பைன்போன் என்ற இன்னொரு லினக்ஸ் போனில் பின்மூடிக்குள் ஆறு குட்டி சுவிட்ச், நகம் போதாது, குச்சி வேண்டும். இயங்குதளம் பொய் சொன்னாலும் மின்சாரம் பொய் சொல்லாது என்பதுதான் இவற்றின் பலம். பலவீனம்: மோடத்துக்கு மின்சாரம் கொடுத்த அடுத்த நொடி, மற்ற எல்லாப் போன்களையும் போலவே ஐஎம்எஸ்ஐ-யோடு டவரிடம் போய் நிற்கும். சுவிட்ச் மோடத்தை ஊமையாக்கும், நாகரிகம் கற்றுக்கொடுக்காது.

நவம்பர் 9

போலி டவர் இருக்கிறதா என்று பார்க்க: இணைய உரிமை அமைப்பான இஎஃப்எஃப் 2025 மார்ச்சில் வெளியிட்ட ரேஹன்டர் என்ற மென்பொருள். சாதாரணப் போனில் ஓடுவதில்லை, ஆர்பிக் ஆர்சி400எல் போன்ற சிறு ஹாட்ஸ்பாட் கருவியில் நிறுவுவது. குவால்காம் மோடத்தின் சோதனை வாசல் வழியே டவரோடு நடக்கும் கட்டுப்பாட்டுப் பேச்சைப் படித்து, காரணமில்லாமல் ஐஎம்எஸ்ஐ கேட்பது, 2ஜி-க்குத் தள்ளுவது, மறையாக்கம் இல்லாத இணைப்பு ஆகியவற்றைத் தேடும். திரையின் மேலே பச்சைக் கோடு, சந்தேகம் வந்தால் சிவப்பு. சிவப்பு வந்ததும் குதிக்க வேண்டாம்; நெடுநேரம் அணைந்திருந்து மீண்டும் எழும் மோடத்திடம் உண்மையான டவரும் ஐஎம்எஸ்ஐ கேட்கும். ஒரே இடத்தில், வெவ்வேறு நாளில், நடந்துகொண்டே திரும்பத் திரும்ப வருகிறதா என்று பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

நவம்பர் 16 (கேட்டவர்)

கட்சியை மாற்றிக்கொண்டேன். பழைய போனை விற்றுவிட்டு, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த போன் ஒன்றை வாங்கப் போகிறேன். ஃபேக்டரி ரீசெட் போட்டால் எவை போகும், எவை நிற்கும்?

நவம்பர் 16, இரவு

போவது: ஆண்ட்ராய்டு ஐடி, விளம்பர எண், வைஃபைக்கு வைஃபை வைத்திருந்த பொய் மேக் முகவரிகள், செயலிகள், சாவிகள். நிற்பது: ஐஎம்இஐ, வரிசை எண், அசல் மேக், ப்ளூடூத்தின் அசல் முகவரி, இசிம் (போனுக்குள்ளேயே பதித்த சிம்) சில்லின் 32 இலக்க அடையாள எண்ணான ஈஐடி. இசிம் சந்தா தனி: ரீசெட்டின்போது "இசிம்மையும் அழிக்கவா?" என்று கேட்கும் பெட்டியைத் தொடாமல் விட்டால் உங்கள் சந்தா, போனை வாங்குபவரிடம் போய்விடும். ரீசெட்டுக்கு முன்னால் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் போன் பூட்டிக்கொண்டு அவர் உங்களைத் தேடி வருவார். கணக்கின் கருவிப் பட்டியலிலும் பழைய போனை நீக்குங்கள்.

வாங்கும் போனில்: *#06# காட்டும் எண், அமைப்புகளில் உள்ள எண், சிம் தட்டிலோ பெட்டியிலோ அச்சிட்ட எண், மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு அந்த எண் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் வாங்க வேண்டாம். அக்டோபர் 4-ஆம் தேதி நீங்கள் ஆசைப்பட்டதை அந்தப் போனில் யாரோ ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்கள்.